பின்பக்கத்து ஷெட்

அப்பா,

"இடிக்கப்போற வூட்ட அளந்துகினு இருக்கறதுக்கா நகரமைப்பு படிச்ச?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். ஆமாம், அதற்குத்தான். பழைய கட்டடங்களை ஆவணப்படுத்தும் முதுகலை மாணவர்களுக்கு உதவித்தொகை அறிவித்தார்கள். மற்றவர்கள் கோயில், அரண்மனை என்று எழுதினார்கள். நான் நெய்வேலியில் நாம் இருந்த குவார்ட்டர்ஸை எழுதினேன். எனக்குத்தான் கிடைத்தது.

பின்பக்கம் அம்மா தைத்துக்கொண்டிருந்த ஷெட்டையும் வரைந்திருக்கிறேன். "அனுமதியில்லாமல் போட்டது, அழித்துவிடு" என்றார் பேராசிரியர். முடியாது என்றேன்.

ரிட்டயரானதும் சாவியை ஒப்படைக்க வேண்டுமென்று அந்த ஷெட்டை நீங்களே பிரித்துப் போட்டீர்கள். அப்போது அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அதன் அகலம் மட்டும் எனக்குத் தெரியவில்லை. கட்டியவர் நீங்கள், சொல்லுங்கள். சொல்லாவிட்டால், அம்மாவின் தையல் மெஷினை அளந்து, அவள் உட்கார இடம் விட்டு, நானே கோடு போடுவேன்.

உங்கள் பிடிவாதத்தில் பாதியும்
அம்மாவுடையது முழுதும் உள்ள
மகள்