சுண்ணாம்பு பூசிய முற்றம்

அன்புள்ள யெகோர் அண்ணாவுக்கு,

வடக்கே குளிர் கடுமையாக இருக்கும். காதுத் தொப்பியைக் கழற்றாதே. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நகராட்சியில் என் வேலை உனக்குத் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கவனிப்பாரற்ற முற்றங்களையும் சதுக்கங்களையும் பார்த்து நல்லது, சுமார், மோசம் என்று வகை பிரிக்கிறோம். மோசம் என்று எழுதினால்தான் சீரமைப்பு நடக்கும். செப்டம்பரில் நம் முற்றத்தின் முறை வந்தது. வண்டி நுழையும் வளைவு வாசலில் அவ்வளவு பெரிய பள்ளம், விளக்கும் கிடையாது. நிச்சயம் 'மோசம்' கிடைக்கும் என்று நம்பினேன். எதையும் தொடாதீர்கள் என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

மேலதிகாரியோடு போய் இறங்கினால், மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு. பெஞ்சுக்குப் பச்சைப் பெயின்ட். பள்ளத்தைச் செங்கல் தூளால் நிரவியிருந்தார்கள். அப்பா பிரஷோடு நின்றார்.

"என்னடி முழிக்கிற? படிச்ச பொண்ணு அதிகாரியக் கூட்டிட்டு வர்றா, வாசல் குப்பையா கெடக்கலாமா?" என்றார்.

மூன்றாம் மாடி ராயா அத்தை, "உங்கப்பன் நேத்துலேருந்து எங்கள உசுரோட விடல. தெரியாம ஒக்காந்து என் பாவாடையும் பச்சையாயிடுச்சு" என்று சிரித்தாள்.

மேலதிகாரி அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு, 'நல்லது' என்று எழுதச் சொன்னார். அடியில் பள்ளம் இருக்கிறது என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "கண்ணுக்குத் தெரியறதத்தாம்மா எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அக்டோபர் மழையில் செங்கல் தூள் கரைந்து போயிற்று. போன செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வந்தது, வளைவு வாசலில் சக்கரம் புதைந்து அப்படியே நின்றுவிட்டது. இருட்டில், கம்பளியில் கிடத்தி, சேற்றில் தெரு வரை தூக்கிப் போனோம். இன்னொரு வண்டி வரும் வரை ராயா அத்தை அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

நேற்று அப்பா கண் திறந்து, "நம்ம முற்றம் தேறிடுச்சா?" என்று கேட்டார். தேறிவிட்டது, விளக்குப் போடப் போகிறார்கள் என்றேன். "பாத்தியா? நீ எதையும் தொடாதேன்னு சொன்னியே" என்றார். பக்கத்துக் கட்டில்காரரிடமும் பெருமையாகச் சொன்னாராம்.

அண்ணா, அங்கே உன் ஷிஃப்ட் காலம் முடியட்டும் என்று இருக்காதே. கிடைக்கிற ரயிலில் ஏறு. அவர் எதிரில் பள்ளத்தைப் பற்றிப் பேசாதே. முற்றத்தில் விளக்கு வந்துவிட்டதா என்று கேட்பார். எரிகிறது என்று சொல்.

உன் வரவுக்காக வழி பார்த்திருக்கும் தங்கை,
உல்யானா