ஐந்து முறை படுத்தது

நேற்று பேட்டரிக் கடையைக் கடக்கும்போது ஆசிட் வாடை மூக்கில் ஏறியது. கால் அங்கேயே நின்றுவிட்டது. தரையில் கிடந்த உங்கள் மூக்குக்கண்ணாடியும் அதன்மேல் வடிந்த ரத்தமும் கண்ணுக்குள் வந்தன. நீங்கள் காலமாகிவிட்ட செய்தி வந்து பத்து நாள்தான் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள், சார்.

மைசூரில் அந்த ஊதுவத்திக் கம்பெனிக்கு நான் கேட் காவல். நீங்கள் கம்ப்யூட்டர் அறையில். வெளிநாட்டுக்காரர்கள் நம் வத்தி வகைகளைப் பார்க்கும் வெப்சைட் உங்கள் பொறுப்பு. அதன் பக்கங்களை மாற்றுகிற சாஃப்ட்வேர், முதலாளியின் மச்சான் வாங்கி வந்த பழசு. அது நின்றுபோகும் போதெல்லாம் கேட்டுக்கு வருவீர்கள்.

"இன்னிக்கும் படுத்துருச்சு, பெரியவரே. ஞாபகம் வெச்சுக்குங்க. நோட்டுன்னா தொலைச்சுருவேன், உங்க தலை தொலையாது."

எனக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்தது போகாது. அதை நம்பி நீங்கள் எதையும் எழுதி வைக்கவில்லை.

புதிய சாஃப்ட்வேர் வந்ததும், மாற்றிவிட வேண்டியதுதானே என்றேன். "புதுசு வந்துருச்சுன்னு மாத்தக் கூடாதுங்க. பழசு இனித் தாங்காதுன்னு தெரியணும். அப்பவும் வேலை கொறஞ்ச நாளாப் பாத்து மாத்தணும்." ஐந்தாவது முறை நின்றது மழைக்காலத்தில், ஆர்டர் குறைவு. "இதான் நேரம். தசரா வந்துட்டா கை வெக்க முடியாது" என்று முதலாளியிடம் போகத் துணிந்தீர்கள்.

அன்று காலை மச்சான்காரன் என் கழுத்தைக் கேட் கம்பியோடு வைத்து அழுத்தினான். மூச்சு முட்டியது. "உன் மகன் பேக்கிங்லதானே இருக்கான்? வாயத் தொறந்தே, ரெண்டு பேரும் உங்க ஊரு மார்டள்ளிக்கே மூட்டை கட்டிருங்க."

முதலாளி உங்களிடம் கேட்டார். "அஞ்சு தடவை நின்னுதுன்னு எங்கய்யா எழுதியிருக்கு?"

நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். "பெரியவர் நாள் வாரியாச் சொல்லுவாரு, சார்."

மச்சான்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

"சுள்ளு! எல்லாம் சுள்ளு!" நீங்கள் சொன்னது பொய்யென்று மச்சான்காரன் கன்னடத்தில் கத்தி மேசையை அறைந்தான். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனீர்கள்.

தசரா முதல் வாரத்திலேயே அது படுத்தது, எழவில்லை. வெப்சைட்டில் வத்திப் பக்கமெல்லாம் வெறும் வெள்ளை. சத்தம் கேட்டு ஓடிவந்தேன். மச்சான்காரன் ஸ்டூலைத் தூக்கி உங்கள் முகத்தில் அடித்தான். அடுத்த அடியில் யூ.பி.எஸ். பேட்டரி உடைந்து ஆசிட் ஓடியது; விழுந்த உங்கள் கை அதில் கிடந்தது. "மாத்தணும்னியே, இப்ப மாத்துடா!" என்று அந்தக் கையையே மிதித்தான்.

என் லத்தி அப்போதுதான் எழுந்தது. அவன் மணிக்கட்டு முறிந்தது காதில் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தேன். வாய் கிழிந்து பல் தெறித்தது. நீங்கள்தான் என் காலைப் பிடித்தீர்கள். "போதும் பெரியவரே, செத்துருவான்."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, தோல் உரிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள். "அன்னிக்கே உங்க கழுத்துல கம்பித் தடத்தப் பாத்தேனுங்க. பாத்தும் உங்களக் கூப்பிட்டேன். என் தப்பு."

அந்தத் தப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. முதலாளி கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உகாதிக்கு மறுநாள். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த வெள்ளிக்கிழமை. கோடையின் முதல் மழை பெய்த சாயங்காலம். என் மகன் காய்ச்சலில் கிடந்த திங்கள். ஆடி அமாவாசை.

மருமகளைப் படித்துக் காட்டச் சொன்னேன். ஐந்தும் இருக்கிறது, சார்.