தேத்தண்ணி வராத கூட்டம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பு மகள் மேனகாவுக்கு, அப்பா எழுதுவது. ஆம், அப்பாவேதான், யாரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது, அங்கே நீயும் மருமகனும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். பனி கொட்டுகிறதாமே, தலையை மூடாமல் வெளியே போகாதே. போனில் தினமும் கதைக்கிறோம்தான், ஆனாலும் போனில் சொன்னதை எடுத்து வைத்துத் திரும்பப் பார்க்க முடியாதே. ஒரு வரி எழுதுவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகிறது, ஆனால் மனம் நிறைந்திருக்கிறது.

நான் எழுதப் படிக்கப் பழகும் ஞாயிறு வகுப்பில் ரொஷேல் டீச்சரிடம் மகள் நியூயோர்க் மாநிலத்தில் இருக்கிறாள் என்று பெருமையடித்தேன். அவர் அந்த மாநிலத்துப் பழைய கதையைப் பெரிய எழுத்தில் எழுதி வந்து என்னை வாசிக்க வைத்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கறுப்பு மக்களை அடிமையாக வைத்திருந்தார்களாம், தெற்கில் பல இடங்களில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றமாம். அதை வாசித்ததும் கடுதாசியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று பெண்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துச் சேர்த்தார்களாம், ஆனால் அதற்காகக் கடல் கடந்து ஒரு பெரிய கூட்டத்துக்குப் போனால் அங்கே அவர்களைப் பேச விடாமல் ஓரமாக உட்கார வைத்தார்களாம். சில வருஷம் கழித்து உன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில் பெண்களே கூட்டம் கூட்டி எங்களுக்கும் வாக்கு வேண்டும் என்றார்கள். கூட நின்றவர்களே அது அதிகம் என்று தயங்க, அடிமையாயிருந்து தப்பி வந்த ஒருவர், ஒளித்து ஒளித்து எழுத்துப் படித்தவர், எழுந்து அவர்களுக்காகப் பேசினாராம்.

எனக்கு நம் தெரு மரண உதவிச் சங்கம் ஞாபகம் வந்தது. செத்த வீட்டில் சமைப்பது பெண்கள், சங்கத்தில் பெயர் ஆம்பிளைகளுக்கு. பக்கத்து வீட்டு யோகேஸ்வரியின் புருஷன் சந்திரகுமார் தையில் போனதும், ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று பெயரை வெட்டிவிட்டார்கள். அவளுடைய அம்மா படுத்த படுக்கை. நாளைக்கு ஒன்று நடந்தால் பந்தலும் வராது பெட்டியும் வராது. இதை நானே சரிப்படுத்துகிறேன் என்று ஒரு பக்கம் பேச்சு எழுதினேன்.

கூட்டத்தில் எழுந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்றாம் வரி தாண்டவில்லை, தலைவர் அழகர் பின்பக்கம் பார்த்து, "தேத்தண்ணி எங்கப்பா, பெரியதம்பி அண்ணன் பேச்சுக்கு ரெண்டு தரம் குடிக்கணுமே" என்றார். தேத்தண்ணி வரவில்லை, அதை ஊற்ற வேண்டிய பெண்கள் வெறுங்கையோடு வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். யோகேஸ்வரி என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்கம்மாவுக்குச் சங்கம் தேவைப்பட்டுரும், இருங்க, நான் கதைக்கிறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பெண்கள் பேச வேண்டிய இடத்தில் நான் எழுந்து நின்றது அப்போதுதான் உறைத்தது. அவள் கொஞ்சம்தான் பேசினாள், "எல்லா வீட்டு அடுப்புக்கும் நான் ஆளு, எங்க வீட்டுப் பந்தலுக்கு மட்டும் ஆளில்லையா?" எதிர்த்து ஒரு கையும் எழவில்லை, அவள் பெயரிலேயே வீட்டைத் திரும்பச் சேர்த்தார்கள்.

அதோடு முடியவில்லை. உன் அம்மா எழுந்து, "புருஷன் சாகுற வரைக்கும் ஏன் காத்திருக்கணும், எங்க பேரையும் இப்பவே போடுங்க" என்றாள். அது கூடிப்போச்சு அக்கா என்றார் அழகர். எனக்கும் ஒரு கணம் தயக்கம். பிறகு அந்தத் தேவாலயத்தில் எழுந்தவரை நினைத்துக் கையைத் தூக்கினேன். "வீட்டுல சோறு வேணுமாக்கும்" என்று அழகர் கிண்டல் பண்ணினார், ஓம் என்றேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள், கடைசியில் அவரும் தூக்கினார். அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றியவரும் அவர்தான், வாயில் வைக்க முடியவில்லை.

லீவு கிடைத்தால் பேத்தியை அந்தத் தேவாலயத்து ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்டு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருங்கள். பதிலைக் கையால் எழுது, பெரிய எழுத்தாக. அம்மாவுக்கும் சேர்த்து நானே கையெழுத்து வைக்கிறேன் என்றேன், "உங்க பேரை நீங்க எழுதுங்க, எனக்கு இடம் விடுங்க" என்றாள். போன ஞாயிறு அவளும் வகுப்புக்கு வந்தாள், தன் பெயரின் முதல் எழுத்தைப் படித்துவிட்டாள். மீதி எழுத்துகளைப் படித்து முடிக்கும்வரை கடிதத்தை வைத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

உன் அப்பா,
பெரியதம்பி

ப