அப்பா பாதியில் நிறுத்திய மருந்து

அன்பு மகள் சாந்தினிக்கு, சுங்கை பட்டாணியிலிருந்து அம்மா எழுதுவது. டப்ளினில் நீயும் மாப்பிள்ளை திவாகரனும், உன் வயிற்றில் வளரும் பிள்ளையும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை அம்மாடி. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

நேற்று நீ கூப்பிட்டபோது, மூத்திரத்தில் கிருமி என்று டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டேன், எரிச்சல் போய்விட்டது, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாய். அதைக் கேட்ட பிறகு இதை மறைக்க முடியவில்லை. அப்பா சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும்தானே உன்னிடம் சொல்லியிருந்தோம். அது முழு உண்மை இல்லை. அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தைப்பூசத்துக்கு முன்னால் கூலிம் பேக்டரியில் வேலை பூட்ஸ் கடித்து அவர் காலில் புண் வந்தது. இவ்வளவு சின்னப் புண்ணுக்கு டாக்டரா என்று இழுத்தடித்தார், வீங்கிச் சிவந்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனார். அந்த மலாய்க்கார லேடி டாக்டர் நல்ல பிள்ளை, ஆன்டிபயாடிக் கப்சூல் கொடுத்து, வலி நின்றாலும் முழுசாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியது. அப்போது அப்பா காவடி விரதத்தில் இருந்தார். நீ உண்டானதும் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று அவர் நேர்ந்துகொண்ட காவடி அது. உன் தலையில் பாரம் ஏற்ற இதைச் சொல்லவில்லை, நடந்தது தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன். அவரோடு காவடி எடுக்கும் சுகுமாரன் மாமா, 'அண்ணே, இந்தக் கப்சூல் தோலையே மாட்டு எலும்புலதான் செய்றாங்க, விரதத்துல இதப் போய் முழுங்குறீங்களே' என்று சொல்லியிருக்கிறார். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றைக்கே அப்பா நிறுத்திவிட்டார். வீக்கமும் வற்றியிருந்தது, முருகன் பார்த்துக்கொண்டான் என்று நினைத்துவிட்டார் மனுஷன். மிச்சத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு என்னிடம் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்றால், மலாய்க்காரப் பிள்ளையிடம் மாட்டைப் பற்றிப் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதா என்று கூச்சப்பட்டாராம். அந்தக் காலோடுதான் வெறும் தரையில் காவடி எடுத்து நடந்தார்.

பூசம் முடிந்த பிறகு காய்ச்சல், குளிர், கால் கறுத்துப் போனது. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கால் போன பிறகு அந்த லேடி டாக்டர் கேள்விப்பட்டு வார்டுக்கே வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு காரணத்தைச் சொன்னார். 'அங்கிள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கப்சூல் இல்லாத மருந்தா மாத்திக் கொடுத்திருப்பேன் லா, இதுல எனக்கு என்ன கோபம்' என்று அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டது. சர்க்கரையும் சேர்ந்துதான் இப்படி ஆனது, மருந்தை நிறுத்தியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னது. நியாயமான பிள்ளை.

அதனால்தான் சொல்கிறேன், எரிச்சல் போனால் கிருமி போய்விட்டது என்று நீயாக முடிவு கட்டாதே. மாசமாக இருக்கும்போது மூத்திரக் கிருமியைச் சும்மா விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும், அது உனக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. நீ முழுகாமல் இருப்பது தெரிந்துதானே டாக்டர் அந்த மருந்தைக் கொடுத்தார். பயமாக இருந்தால் அந்தப் பயத்தையே அவரிடம் சொல். நிறுத்திவிட்டேன் என்பதையும் மறைக்காதே, மிச்சத்தைத் தொடர்வதா வேறு மருந்தா என்று அவர் சொல்லட்டும், விட்டதற்கும் சேர்த்து ஒரேயடியாகப் போட்டுக்கொள்ளாதே. இன்னொன்று, சின்னதில் பெனிசிலின் ஊசி போட்டு உனக்கு உடம்பெல்லாம் தடித்து முகம் வீங்கியதே, அதை அங்கே சொன்னாயா? கட்டாயம் சொல். மருந்து சாப்பிட்டு உடம்பு தடித்தாலோ மூச்சு முட்டினாலோ அடுத்த வேளை மருந்தைத் தொடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. மாப்பிள்ளைக்குத் தொண்டை வலி என்று உன் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதே, சளிக்கு அது கேட்காது.

காலை எடுத்ததிலிருந்து அப்பா யாரிடமும் பேச்சில்லை. அந்த டாக்டரிடம் பேசியதோடு சரி, சாப்பாடு வைத்தால்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன்னால், பிள்ளை பெறும் வரைக்கும் உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியதும் அவர்தான். நேற்று நீ மருந்தை நிறுத்தியதை அவரிடம் சொன்னேன். போர்வையை விலக்கிவிட்டு, 'சத்தியமெல்லாம் வேணாம், என் காலப் பத்தி அதுக்குச் சொல்லிடு, இதக் கேட்டாவது மருந்தச் சாப்பிடட்டும்' என்றார்.

சொல்லிவிட்டேன் அம்மாடி. நீயும் பிள்ளையும் குறையில்லாமல் பெரிய உயிரும் சின்ன உயிருமாகப் பிரிந்து நல்லபடியாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். அழுதுகொண்டு உட்காராதே, இதைப் படித்ததும் முதலில் டாக்டரைக் கூப்பிடு. அவர் சொன்னதை என்னிடம் சொல்ல வேண்டாம், அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டுச் சொல். அவர் அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரேமாவதி