ஊசி தேயவில்லை

அன்பு மகளுக்கு,

நீ வீட்டுக்குத் திரும்பாவிட்டால் அப்பா உன் நாயை நிஜமாகவே சுட்டுவிடுவாரா என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை.

இன்று முயற்சி செய்தார். நாயைப் பின்பக்க வேலியில் கட்டிவிட்டு, அவருடைய அப்பாவின் பழைய துப்பாக்கியை எடுத்தார். விசையை இழுத்தபோது ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. தோட்டாவைத் திருப்பிப் போட்டார். மறுபடியும் ‘டிக்’. ஒவ்வொரு சத்தத்துக்கும் நாய், ஏதோ விளையாட்டு என்று வாலை ஆட்டியது.

“என்ன புரொபசரம்மா, பிசிக்ஸ் படிச்சவளாச்சே! என்ன கோளாறுன்னு பாரு” என்று என் கையில் கொடுத்தார்.

பார்த்தேன். இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது. விசையை இழுத்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அங்கே ஓங்கி அடித்தால்தான் வெடிக்கும். ஊசி நன்றாகத்தான் இருந்தது. பழைய எண்ணெய் பிசினாக இறுகி அதன் வேகத்தைக் குறைத்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் சரியாகிவிடும்.

“ஊசி தேஞ்சு போச்சு. இதுக்கு இனிமே பார்ட்ஸ் கிடைக்காது” என்றேன்.

“அப்ப இது வெறும் தடிதானா?” என்று சிரித்துவிட்டு நாயை அவிழ்த்துவிட்டார்.

ஆகவே நீ வர வேண்டாம். அங்கேயே, நீ நம்பிப் போனவனோடு நன்றாக இரு.

அம்மா

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் இதையும் எழுதிவிடுகிறேன். மேலே உள்ளதை எழுதிய மறுநாள் காலையில் அப்பா கடைக்குப் போய்ப் புதுத் துப்பாக்கி வாங்கி வந்தார். நாயை மறுபடியும் வேலியில் கட்டினார். முதல் தடவையே வெடித்தது. “நல்லவேளை சொன்னே. இல்லேன்னா அந்தப் பழசோட இன்னும் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்திருப்பேன்” என்றார்.