கட்டிலோரத்து ஸ்டூல்

பெங்களூரு

வேதாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி கம்மியாச்சா? அடி அண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டம் எப்படி, உன் கடையில் வியாபாரம் ஜாஸ்தியா?

இங்கே நம் துணிக்கடையில் வேலை அதிகம் என்று போனில் சொன்னது பொய். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். லேசாக மயக்கம் வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் அவசரப் பிரிவு, இப்போது பொது வார்டு. சர்க்கரைதான், பயப்படாதே. இங்கே தரும் போர்வையை இனாமாகக் கொடுத்தாலும் நம் கடைக்கு எடுக்க மாட்டேன்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் கூட இருப்பவர் உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. "உங்க கூட யாருங்க?" என்று நர்ஸம்மா தினமும் கேட்கிறார். "பொண்டாட்டி பஸ்ல வந்துட்டிருக்கா சிஸ்டர்" என்று தினமும் சொல்கிறேன். நம் ஊர் தெரிந்த பக்கத்துக் கட்டில்காரர் நேற்று கேட்டார்: "அந்த பஸ்ஸு மலையைச் சுத்திட்டு வருதா அண்ணே?"

வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு அவரைப் பார்க்க வந்தவர்கள், "யாரும் வரலதானே?" என்று என் ஸ்டூலை எடுத்துக்கொண்டார்கள். அது என் வீட்டாளுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கெதற்குத் துணை என்று உன்னை ஊரிலேயே விட்டு வந்தவன் நான்தானே?

பழைய லுங்கி ஒன்றும் என் தலையணையும் வேண்டும். யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, நீயே கொண்டு வா.

டாக்டர் வருகிறார், நிறுத்துகிறேன். ஸ்டூலை இன்றே கேட்டு வாங்கி வைக்கிறேன்.

மாறன்