கோட்டை வாசல் வளைந்த காரணம்

வைலே, டென்மார்க்
2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.10
மடல் இலக்கம் 3: மலாகாக் கோட்டை தொடர்பானது

நண்பருக்கு,

மேசையில் என் பேத்தியின் பாடசாலைக் கட்டுரை கிடக்கிறது. விடுமுறையில் பார்த்த ஒரு பழைய இடத்தைப் பற்றி டேனிஷ் மொழியில் எழுதியிருக்கிறாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கீழ் ஆசிரியை பச்சை மையால் கோடிட்டு, "இதற்கு ஆதாரம் எது?" என்று கேட்டிருக்கிறார். அந்த வாக்கியம் உம்முடையது. நீர் இறந்து இருபத்தொரு மாதமும் ஏழு நாளும் ஆகின்றன. இன்னும் என் வீட்டில் உமது பேச்சுத்தான் எடுபடுகிறது.

மகளின் குடும்பத்தோடு ஸ்பெயினின் மலாகாவுக்குப் போனபோது உம்மையும் அழைத்தது நானல்ல, என் மனைவி. "அந்த மனுசன் தனிய வீட்டில இருந்து என்ன செய்யப்போகுது" என்றாள். நூலகப் புத்தகங்கள் இரண்டை ஆறு வாரம் படித்து, ஒன்பது இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம் என்று நிரல் தயாரித்தவன் நான். ஹேர்னிங் நகரத் தையல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் துணியின் அளவைச் சரிபார்த்தவனுக்கு அது பழகிய வேலை. பக்கத்து மேசையில் துணி வெட்டியவர் நீர். நான் பிழையென்று திருப்பி அனுப்பியவற்றில் பாதி உம்முடையவை.

2022 ஒக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை. கடல் தெரியும் குன்றில் ஏறி, கோட்டையின் இரண்டாவது வாயிலில் நின்றோம். உள்ளே நுழைந்ததும் பாதை ஏன் சட்டென்று வலப்புறம் திரும்புகிறது என்று பேத்தி கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் என் குறிப்புத் தாளைப் புரட்டி உரிய பந்தியைத் தேடினேன். நீர் காத்திருக்கவில்லை.

"அது பிள்ளை, ராசாவின்ர மாமியார் அடிக்கடி வாற ஆள். நேர் வழியெண்டால் மனுசி டக்கெண்டு உள்ளுக்கு வந்திடும். இப்பிடி வளைச்சு வளைச்சுக் கட்டினால், அவ மூச்சு வாங்கி வாறதுக்குள்ள ராசா பின்பக்கத்தால இறங்கிக் கடற்கரைக்குப் போயிடுவார்."

மருமகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுதான் எங்கட மருமகனும் எங்களைக் கண்டவுடன் காரை எடுக்கிறவர்" என்றாள். நாற்பத்தொரு வருட மணவாழ்வில் என் சொல் எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

நான் பந்தியைக் கண்டுபிடித்திருந்தேன். "பொய். படையெடுத்து வாறவனின்ர வேகத்தைக் குறைக்கத்தான் வளைவு. பிள்ளைக்குப் பொய் சொல்லாதையும்" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. நீர் "ஓம் மாஸ்டர்" என்றீர். நான் ஒருநாளும் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்ததில்லை. அதன்பின் கீழே ரோமர் அரங்கின் கற்படியில் தனியே போய் அமர்ந்தீர். அரங்கைப் பற்றி என்னிடம் நான்கு பக்கம் இருந்தது. எவரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி இரண்டு இடங்களை நானே நிரலிலிருந்து வெட்டினேன்.

அன்று மாலை துறைமுகத்தருகே நடக்கையில் சொன்னீர்: "நீர் சொன்னதெல்லாம் சரி. ஆனா நீர் சொன்ன கோட்டையில ஆரும் குடியிருந்தமாதிரித் தெரியேல்லை." நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. உமது மரணவீட்டிலும் அப்படியே. அங்கு வந்த ஒவ்வொருவரும் உமது பகிடி ஒன்றைச் சொல்லிச் சிரித்தார்கள். என்னுடையதற்கு எல்லோரும் குறித்த நேரத்துக்கு வருவார்கள். சிரிக்க மாட்டார்கள்.

இன்று மதியம் பேத்தி கட்டுரையோடு வந்தாள். நாளை திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். "அம்மப்பா, ஆதாரம் எழுதித் தாங்கோ. உங்களிட்டத்தானே எல்லாம் திகதியோட இருக்கு."

மூன்று வருடம் கழித்துப் பேனா என் கையில் வந்திருந்தது. மகிழ்ச்சியோடுதான் எழுதினேன்: அவ்வாக்கியத்தை நீக்குக, வளைவின் நோக்கம் பாதுகாப்பு, புத்தகத்தின் பெயர், பக்க எண். அவள் படித்துவிட்டு டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தமிழில், "இது புத்தகத்தில இருக்கு, ஆரும் பாக்கலாம். பகிடித் தாத்தா சொன்னது எங்க இருக்கு?" என்றாள். உமக்கு அவள் வைத்த பெயர் அது. எனக்கு உறவுமுறை மட்டுமே.

எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். நாளும் நேரமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். அதை அவள் மடிக்காமல் கட்டுரைக்குள் வைத்துக்கொண்டாள். வாக்கியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முந்தைய இரண்டு மடல்களைப் போல இதுவும் உமது பெயரிட்ட கோப்பில் சேரும்.

இணைப்புகள்:
1. மலாகாப் பயண நிரல், ஒன்பது இடங்கள், இறுதி இரண்டும் வெட்டப்பட்டவை.
2. கோட்டை நுழைவுச்சீட்டு, உம்முடையது. "தாரும், நான் வைச்சிருக்கிறன்" என்று அன்று வாங்கிய நான் திருப்பித் தரவில்லை.
3. புகைப்படம் ஒன்று. எல்லோரும் உம் பக்கம் சாய்ந்து சிரிக்கிறார்கள். இடது ஓரத்தில் தாள் பிடித்த கை என்னுடையது.
4. ஆசிரியைக்கு எழுதியதன் பிரதி: "வாய்மொழித் தகவல். கூறியவர் என் நண்பர், தற்போது காலமானவர். 2022 ஒக்டோபர் 18, முற்பகல் 11.25, இரண்டாவது வாயில். வரலாற்று உண்மை அல்ல. கேட்டவர் அனைவரும் சிரித்தனர், கீழே ஒப்பமிட்டிருப்பவர் நீங்கலாக."

பொறாமை இணைக்கப்படவில்லை. அதற்குப் பிரதி கிடையாது. அசலை நானே வைத்திருக்கிறேன்.